ஏவுகணைக்குச் செய்த எண்ணெயும் நம்மட சைக்கிள் செயினும்

வாவிக்கரையில வாழுற எல்லாருக்கும் கறள் சொந்தக்காரன் மாதிரி. கல்லடியில் பிரித்தானியர் கட்டிய லேடி மானிங் இரும்புப் பாலத்தைப் பார்த்தாலே உப்புக்காற்றின் வேலை விளங்கும். அதனாலதான் பூட்டு இறுகினாலும் செயின் கிறீச்சிட்டாலும் அந்த நீல, மஞ்சள் டின்னைத் தேடுறம். ஆனால் டபிள்யூ.டி-40 உராய்வைக் குறைக்கவென்று பிறந்த பொருளே இல்லை.

1953. பனிப்போர்க் காலம். அமெரிக்காவின் சான் டியாகோவில் ரொக்கெட் கெமிக்கல் கொம்பனி என்ற சின்ன நிறுவனம், உலோகத்தில் கறள் பிடிக்காமல் தடுக்கும் திரவமொன்றைத் தேடியது. பெயரிலேயே கதை இருக்கு: ‘வோட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்’, அதாவது நீரை விலக்குதல், 40 என்பது நாற்பதாவது முயற்சி. அணுகுண்டு சுமக்கச் செய்த அட்லஸ் ஏவுகணையின் மெல்லிய வெளித்தகட்டைக் காக்கத்தான் அதை முதலில் பூசினார்கள். தொழிலாளர்கள் அதைக் களவாக வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். 1958இல் தெளிப்பு டின்னாகக் கடைக்கு வந்தது.

கொம்பனி இதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. எடுத்தால் உள்ளே இருப்பதை எழுதிக் கொடுக்க வேண்டுமே! ஆனாலும் பாதுகாப்புத் தரவுத்தாள் பெரும்பகுதியைச் சொல்லிவிடுகிறது. கிட்டத்தட்டப் பாதி, மண்ணெண்ணெய்க்கு உறவான, ஆவியாகிப்போகும் பெற்றோலியக் கரைப்பான். அதைவிடக் குறைவாகக் கனிம எண்ணெய். வெளியே தள்ளக் கொஞ்சம் காபனீரொட்சைட்டு. இதில மீனெண்ணெய் இருக்கு, தூண்டில்ல அடிச்சா மீன் கடிக்கும் எண்டொரு கதையும் உண்டு. கொம்பனியே அதை மறுத்திருக்கு.

அப்ப இது வேலை செய்யாதா? செய்யும். இறுகிய நட்டுக்குள் ஊரும், ஈரத்தைத் தள்ளும், பழைய பிசுக்கைக் கரைக்கும். பிறகு கரைப்பான் பறந்துவிட, மிஞ்சுவது மெல்லிய படலம். பாரம் தாங்கிச் சுழலும் பெயாரிங்குக்கு அது காணாது. ஏற்கெனவே இருந்த கிறீசையும் கழுவிப்போடும்.

நம்மட பெரியாக்கள் மண்ணெண்ணெயால் கழுவித் துடைச்சு, பிறகு கிறீஸ் பூசுவார்கள். கழுவுறது ஒரு வேலை, பூசுறது இன்னொரு வேலை. டின் வந்தபிறகு இரண்டும் ஒன்றெண்டு நாங்க நம்பிட்டம். எஞ்சின் ஒருநாள் நின்றால் அண்டைய உழைப்பே நிக்கிற மீனவக் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் சின்ன விசயமில்ல. முதலில் நல்ல தண்ணியால உப்பைக் கழுவுங்கோ. டின்னை அடிச்சு ஈரத்தை விரட்டுங்கோ. பிறகு மறக்காம எண்ணெயோ கிறீசோ போடுங்கோ.