இறால் பாடு

தமிழில் 'பாடு' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. உழைப்பும் பாடு, துன்பமும் பாடு. 'அவன் பாடு திண்டாட்டம்' என்கிறோம். 'அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக் கொள்ளட்டும்' என்கிறோம். கடற்கரையில் ஒருவரைப் பார்த்து 'இன்று மீன்பாடு எப்படி?' என்று கேட்டால், வலையில் எவ்வளவு விழுந்தது என்பது கேள்வி. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கரையில் இச்சொல்லுக்கு இவற்றுக்கு மேலும் ஒரு பொருள் உண்டு. அங்கே பாடு என்பது நீரில் ஓர் இடம். அந்த இடத்தில் வலை கட்டுவதற்கு ஒருவனுக்கு வருகின்ற முறையும் அதுவே. இடத்தையும் முறையையும் ஒரே சொல்லால் குறிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முறை வந்தால்தான் இடம். முறை கடந்தால் அது வேறொருவன் இடம்.

கடலிலிருந்து தொலைவில், பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இருந்துகொண்டு இதைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நமக்கு இறால் என்பது ஐஸ் பெட்டியில் வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் விலை பேசி வாங்கப்படும் பண்டம். ஆனால் நெரிசல் என்பது நமக்குப் புதியதன்று. 1809ஆம் ஆண்டில் பெங்களூரில் தண்டு அமைந்த நாள் தொட்டு, சென்னைப் படையோடும் அதன் பின்னே வேலை தேடியும் வந்த தமிழர் குடும்பங்கள் குறுகிய தெருக்களில் நெருங்கி வாழ்ந்தன. தெருக் குழாய்க் காலத்தை அறிந்தவர்களுக்கு நினைவிருக்கும்: விடியலில் குழாயடியில் குடங்கள்தாம் வரிசையில் நிற்கும், ஆட்கள் நிற்கமாட்டார்கள். குடம் இருக்கும் இடமே ஆளின் இடம். எழுதப்படாத அந்தச் சட்டத்தை மீறிக் குடத்தை நகர்த்தியவர் அன்று முழுவதும் கேட்க வேண்டிய வசவு கொஞ்சமன்று. பழவேற்காட்டார் நீரின் நடுவே செய்து வைத்திருப்பதும் ஏறக்குறைய இப்படிப்பட்ட ஓர் ஏற்பாடுதான். அதன் வரலாற்றைப் பார்த்தால் நம் தெருவும் சற்றுத் தெளிவாக விளங்கும்.

பழவேற்காடு பெரிய உவர்நீர் ஏரி. நம் நாட்டில் இத்தகைய ஏரிகளுள் ஒரிசாவின் சிலிகாவுக்கு அடுத்ததாக இதைச் சொல்வர். பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்கோடி தமிழகத்திலும் கிடக்கிறது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு வங்கக் கடலையும் ஏரியையும் பிரிக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளாங்கியும் நன்னீரைக் கொண்டு வந்து சேர்க்க, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இங்கே கெல்ட்ரியாக் கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வாணிகத்துக்கு நெடுங்காலம் இதுவே தலைமையிடமாக இருந்தது. துணியும் வெடிமருந்தும் இங்கிருந்து கப்பலேறின. 1825ஆம் ஆண்டில் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை இடிந்துபோயிற்று, கப்பல்கள் வேறு துறைகளுக்குச் சென்றன. வலை கட்டுகிறவர்கள் மட்டும் போகவில்லை. மூன்று குப்பங்களில் ஒன்றுக்குக் கோட்டைக்குப்பம் என்று பெயர். மற்ற இரண்டும் நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம். பாட்டுரிமை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த மூன்று ஊர்களின் பட்டினவர் குடும்பங்களுக்கு உரியது.

இறாலின் இயல்பை அறியாமல் பாட்டின் இயல்பு விளங்காது. வெள்ளை இறால் ஆழ்கடலோரத்தில் முட்டையிடுகிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத குஞ்சுகள் கடலேற்றத்தோடு முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் புகுந்து, சேற்றடியில் இரை மேய்ந்து சில மாதங்களில் பெரிதாகின்றன. பிறகு, இனம் பெருக்கும் வேட்கையால் மறுபடியும் கடலை நோக்கித் திரும்புகின்றன. அந்தப் பயணம் இரவில் நிகழ்வது. நீர் வடியும் வேளையில் நிகழ்வது. அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வடிதலும் வேகம் மிகுந்திருக்கும். ஆகவே ஏரி எவ்வளவு அகன்றிருந்தாலும், இறால் கூட்டமாகச் செல்லும் வழி குறுகியதே. முகத்துவாரத்தை அடுத்த சில நீரோட்டங்களில், கழிகளை நட்டு அவற்றில் வலையை வளைத்துக் கட்டி விட்டால், வடிகின்ற நீரே இறாலைக் கொண்டுவந்து வலையில் சேர்த்துவிடும். வலையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. இடம் கிடைத்தால் போதும்.

இந்த 'இடம் கிடைத்தால் போதும்' என்பதில்தான் சண்டைக்கு விதை இருக்கிறது. கடலில் கட்டுமரத்தில் செல்பவனுக்குத் திறமை, துணிவு, வானத்தைப் படிக்கும் அறிவு ஆகியவை வேண்டும். கழி நட்டு வலை கட்டுபவனுக்கும் கை வேலை உண்டுதான். ஆயினும் இருவர் ஒரே திறமையுடையவராய் இருந்தாலும், நல்ல நீரோட்டத்தில் கட்டியவனுக்குக் கூடை நிறையும். ஒதுக்குப்புறத்தில் கட்டியவனுக்குக் கைப்பிடிதான். முன்னே ஒருவன் கட்டிய வலைக்கு மேல்நீரில் மற்றொருவன் வந்து கட்டினால், முன்னவன் வலைக்கு வரவேண்டியதெல்லாம் பின்னவன் வலையில் தங்கிவிடும். 'முந்தி வந்தவனுக்கு முந்தி' என்று வைத்தாலோ, ஒருவன் மாலையிலே வந்து இடம் பிடிப்பான். மறுநாள் மற்றவன் நண்பகலிலே வருவான். அதற்கு மறுநாள் முதலாமவன் கழியைப் பிடுங்காமலே வீட்டுக்குப் போவான். தெருக்குழாயில் முதல் நாள் இரவே குடத்தை வைத்துவிட்டுப் போனவர்களை நாம் அறிவோம் அல்லவா?

அதனால் மூன்று ஊராரும் கண்ட வழி சீட்டும் முறையும். தலைக்கட்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. மணமாகித் தனிக் குடும்பம் ஆன ஆணே ஒரு தலைக்கட்டு. அவ்வாறு உரிமை பெற்றவர்களுக்கு ஊர்கள் சுழன்று முறை வரும். ஊருக்குள் சீட்டுப் போட்டு யாருக்கு எந்த இடம் என்பது தீரும். இன்று நல்ல நீரோட்டம் ஒருவனுக்கு வாய்த்தால் பின்னொரு நாள் அது மற்றவனுக்குப் போகும். முறை இல்லாதவன் அன்று வேறு வலை கொண்டு ஏரியில் வேறிடம் தேடுவான். மீறுகிறவனை ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும், தண்டமும் உண்டு. இதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் இருக்கிறது, ஆனால் அதிர்ஷ்டம் எவன் வீட்டிலும் குடியேறிவிடுவதற்கு இடமில்லை. அதோடு ஒரு நாளில் நல்ல இடங்களில் நிற்கும் வலைகளின் எண்ணிக்கையும் தானே மட்டுப்படுகிறது. இறாலைக் காப்பதற்காக இதைச் செய்தார்கள் என்று சொல்வது மிகையாகும் என்பது நம் அபிப்பிராயம். முதலில் காத்தது தங்கள் மண்டைகளை. அதன் பயனாய் இறாலும் ஓரளவு பிழைத்தது.

இம்முறை பழவேற்காட்டுக்கு மட்டும் உரியதன்று. கொச்சிக் காயலில் ஊன்று வலைக்கு முறை வைத்துக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கும் பாடு என்றே பெயர். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பின் வாயிலில் இறாலுக்குக் கட்டும் வலைகளை நான்கு மீனவர் சங்கங்கள் சீட்டு முறையில் தமக்குள் பங்கிட்டுக் கொண்டன. 1958ஆம் ஆண்டில் இலங்கை அரசு அந்த வழக்கத்தையே விதிகளாக எழுதி ஒப்புக்கொண்டது. மக்கள் வகுத்த முறையை அரசு அழிக்காமல் ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சிகள் மிகச் சிலவே. ஆதலால் இதைக் குறித்து வைக்கிறோம்.

வயிற்றுக்காக அன்றி, விளையாட்டாக இறால் பிடிப்பவர்களும் உலகில் உண்டு. சிங்கப்பூரில் பணம் கொடுத்து, தொட்டியின் விளிம்பில் நாற்காலி போட்டமர்ந்து தூண்டிலால் இறால் பிடிக்கும் இடங்கள் இருக்கின்றன. நம்மவர் பலரும் மாலை நேரத்தைப் போக்க அங்கே செல்கின்றனர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பியூஜெட் நீரிணையிலோ நிலைமை வேறு. ஆண்டில் ஒரு சில நாட்கள்தாம் அங்கே இறால் பிடிக்க அனுமதி. அந்நாட்களில் படகுத் துறையில் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும். ஆளுக்கு இரண்டு கூண்டு, படகுக்கு நான்கு கூண்டு, நாளொன்றுக்கு ஆளுக்கு 80 புள்ளி இறால் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். கூண்டின் மிதவையில் உரியவர் பெயர் இருக்க வேண்டும். பிறர் கூண்டைத் தூக்கிப் பார்ப்பது குற்றம். பிறர் கயிற்றின் மேல் தம் கயிற்றைக் குறுக்கே போடுவது சட்டத்தைவிட மரியாதையைச் சேர்ந்த விஷயம். ஆழத்தில் சிக்கிக்கொண்ட இரண்டு கயிறுகளைப் பிரிப்பது அவ்வளவு எளிதன்று. எவ்வளவு பிடிக்கலாம் என்பதை அந்த அரசு அளந்து விட்டது. எங்கே போடுவது என்பதை அளக்கவில்லை. அதை முந்தி வந்தவனுக்கும் அவரவர் நாகரிகத்துக்கும் விட்டிருக்கிறது. பழவேற்காட்டார் செய்தது இதற்கு நேர்மாறு: பிடிக்கும் அளவை விட்டுவிட்டு, இடத்தை அளந்தார்கள். ஒரு நாள் கூடை நிறையாவிட்டாலும் விளையாட்டுக்காரன் சிரித்துக்கொண்டு வீடு திரும்பலாம். குப்பத்தானுக்கு அது முடியாது. ஆகவே அவன் இடத்தை யோக்கியதைக்கு விட்டுவிடத் துணியவில்லை.

இனி, இந்த முறையின் மறுபக்கம். இறாலுக்கு எப்போதும் இந்த விலை இருந்ததில்லை. 1952ஆம் ஆண்டில் ஏற்பட்ட இந்திய–நார்வே உடன்பாட்டைத் தொடர்ந்து கேரளக் கரையில் விசைப்படகுகளும் உறைய வைக்கும் தொழிலும் வளர்ந்தன. அமெரிக்காவும் ஜப்பானும் நம் இறாலைக் கேட்டு வாங்கின. கரையெங்கும் இறால் பொன்னாயிற்று. பொன் விளையும் இடத்தில் கூட்டம் சேருவது இயல்பே. 1969ஆம் ஆண்டில் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, தீவில் இருந்த குடும்பங்கள் பெயர்ந்து வேறு இடம் தேடின. 1971இல் அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. முகத்துவாரமோ மணலால் அடிக்கடி தூர்ந்து, ஏரி ஆழம் குறைந்து வந்தது. பங்கு சிறுத்துக்கொண்டே போக, பங்குக்கு வருவோர் பெருகினர். கரையோரத்துப் பிற ஊர்களின் ஆதிதிராவிட மக்களும் வலையெடுத்தனர். தங்களுக்கும் பாட்டில் இடம் வேண்டுமென்று கேட்டனர். பழைய பாட்டுக்காரர், 'இது எங்கள் பாட்டன் முறை' என்றனர். கேட்டவர்களோ, 'ஏரி யார் பாட்டன் தோண்டியது?' என்ற நிலையில் நின்றனர். வலைகள் அறுபட்டதும், கைகலப்பு நேர்ந்ததும், அதிகாரிகள் முன்னிலையில் பேசித் தீர்த்ததும், தீர்த்தது நிலைக்காமல் போனதும் அந்த ஏரியின் அண்மை வரலாற்றில் பல முறை நிகழ்ந்தவை.

இவர்கள் எவருடைய கணக்கிலும் வராத ஒரு சாராரும் அங்கே இருக்கின்றனர். இருளர் குடும்பங்களின் பெண்களும் ஆண்களும் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடிக்கின்றனர். பனையோலையில் முடைந்த பறி என்னும் பையைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரு கைகளும் ஓய்வில்லாமல் நீருக்கடியில் வேலை செய்வதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். வலை இல்லை, கழி இல்லை, படகு இல்லை. சீட்டுக் குலுக்கும் நாளில் அவர்கள் பெயர் எழுதிய சீட்டும் இல்லை.

பாடு முறையைப் புகழ்ந்து எழுதுவோர் பலர், அதன் உள்ளே இருப்பவர்களின் நியாயத்தை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகின்றனர். உள்ளே இருப்பவர்களுக்குள் அதைவிடச் செம்மையான பங்கீடு அரிது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். எந்த வரிசையும் உள்ளே இருப்பவனுக்கு நியாயமாகவே தோன்றும். வரிசையின் கடைசியில் வந்து நிற்கிறவனுக்கு ஓர் இடம் உண்டு என்றாவது சொல்லலாம். வரிசையிலேயே சேராதே என்று சொல்லப்படுகிறவனுக்கு அந்த நியாயத்தால் என்ன பயன்? அதே சமயம், புதியவர் எல்லோரையும் ஒரே நாளில் சேர்த்துக்கொண்டால், சுழன்று வரும் முறை ஒருவனுக்கு ஆண்டில் எத்தனை நாள் மிஞ்சும் என்று பாட்டுக்காரன் கேட்பதையும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. அவன் பிள்ளைகள் உண்பதும் அதே முறையிலிருந்துதான்.

இந்த வழக்கில் நாம் எந்தப் பக்கத்துச் சாட்சி என்று யோசித்தால் நமக்கே சற்றுச் சங்கடமாக இருக்கும். ஆஸ்டின் டவுனில் பல தலைமுறையாய் வாழும் குடும்பங்கள், ஊர்த் திருவிழா வரும்போது இன்றும் தலைக்கட்டு வரி அனுப்புகின்றன. வரி அனுப்புவது பக்தியால் மட்டும் அன்று. அங்கே நம் பெயர் கணக்கிலிருந்து எடுபடக்கூடாது என்பதும் ஒரு காரணம். இங்கேயோ, நாம் வந்தபோது நமக்கு முன்பே ஒரு வரிசை இருந்தது. குழாயிலும் பள்ளியிலும் வேலையிலும் அந்த வரிசையில் நமக்கும் ஓர் இடம் வேண்டுமென்று கேட்டோம். பெரும்பாலும் கிடைத்தது, சில வேளைகளில் கிடைக்கவில்லை. ஊரில் நாம் கோட்டைக்குப்பத்தார். இங்கே கரையோரத்தில் வந்து நின்று பாடு கேட்டவர்கள்.

பழவேற்காட்டில் அமாவாசையை ஒட்டிய இரவுகளில் முறை பெற்றவர்கள் கழிகளை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்தை நோக்கிப் படகு தள்ளுகிறார்கள். நீர் வடியத் தொடங்கும்போது வலைகள் கட்டப்பட்டுவிடும். அதே ஏரியின் ஆழமில்லாத ஓரங்களில், நீர் வடிந்த பிறகு, பறியைக் கவ்வியவர்கள் இறங்குகிறார்கள்.