ஒரே ஆளுக்காக ஒரு நொட்டாங்கை

மைசூரில் கிரிக்கெட் பேச்சு நீண்டால் 1982 ரஞ்சி அரையிறுதியைத் தொடாமல் முடிவது கஷ்டம். ஆட்டம் நடந்தது பெங்களூரில்தான். ஆனால் அந்தக் கர்நாடக அணிக்குப் பத்து வருஷம் முன்புவரை மைசூர் அணி என்றே பெயர். சொந்தம் கொண்டாட உரிமை உண்டு. இடக்கைச் சுழல் வீசும் ரகுராம் பட் முதல் இன்னிங்ஸில் ஹாட்ரிக்கோடு 8 விக்கெட் எடுத்துப் பம்பாயை உலுக்கிவிட்டார். வலக்கை மட்டையாளரை விட்டுப் பந்து விலகித் திரும்பிக்கொண்டே இருந்தது. இரண்டாவது இன்னிங்ஸில் பின்வரிசையில் இறங்கிய சுனில் கவாஸ்கர், பட் வீசும்போது மட்டும் இடக்கையால் ஆடினார். விலகிப்போன பந்து இப்போது உள்ளே வந்து உடம்பில் பட்டுச் சும்மா கிடந்தது. மற்றவர்கள் வீசினால் மறுபடி வலக்கை. 18 ரன், கடைசிவரை அவுட் இல்லை.

கவாஸ்கர் கையை மாற்றியதற்குக் காரணம், கிரிக்கெட்டில் நினைத்தபடி ஆளை மாற்ற முடியாது என்பது. பேஸ்பாலில் முடியும். 2020க்கு முன்புவரை, பந்து வீசுகிற பிட்ச்சரை ஒரே ஒரு மட்டையாளருக்குப் பிறகுகூட எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்க முடிந்தது. போனவர் அன்றைக்குத் திரும்ப வர முடியாது, அவ்வளவுதான். அந்த விதியின் இடுக்கிலிருந்துதான் ஒரு விசித்திரமான உத்தியோகம் பிறந்தது.

இடக்கைக்காரர் வீசும் பந்து இடக்கை மட்டையாளருக்கு முதுகுப் பக்கமிருந்து வருவதுபோலத் தோன்றும். அது ஸ்லைடர் என்னும் வளையும் பந்தாக இருந்தால் கடைசி நொடியில் மட்டைக்கு எட்டாமல் விலகும். பெரும்பாலான பிட்ச்சர்கள் வலக்கைக்காரர்கள் என்பதால் அப்படிப்பட்ட பந்துகளைச் சந்தித்த பழக்கமும் குறைவு. இந்தக் கணக்கு பேஸ்பாலில் வெகு காலமாகத் தெரிந்ததுதான். 1980களின் கடைசியில் ஓக்லண்ட் மேனேஜர் டோனி லா ரூசா அதை வேலைப் பங்கீடாகவே ஆக்கினார். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் டென்னிஸ் எக்கர்ஸ்லிக்கு. அதற்கு முன்னால் ஆபத்தான இடக்கை மட்டையாளர் வந்தால் ரிக் ஹனிகட். ஓக்லண்ட் வரிசையாக மூன்று வருஷம் உலகத் தொடருக்குப் போனது. மற்ற அணிகள் காப்பியடிக்காமல் இருக்குமா?

ஜான் சிக்கெல்ஸ் என்ற எழுத்தாளர் இப்படி இறங்கும் பிட்ச்சருக்கு ‘லூகி’ என்று பெயர் வைத்தார். ஒரே ஓர் அவுட்டுக்கு வரும் நொட்டாங்கைக்காரன் என்பதன் சுருக்கம். அமெரிக்கப் பேச்சு வழக்கில் துப்பிய கோழைக்கும் ஏறக்குறைய அதே உச்சரிப்பு, மரியாதை அவ்வளவுதான். சம்பளத்தில் குறைவில்லை. ராண்டி சோட் என்பவருக்குச் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் மூன்று வருஷத்துக்கு 75 லட்சம் டாலர் கொடுத்தது. 2013இல் அவர் 64 ஆட்டங்களில் வீசியது மொத்தம் 35 இன்னிங்ஸ் சொச்சம், சராசரியாக ஆட்டத்துக்கு இரண்டு அவுட்கூட இல்லை. ஜெஸ்ஸி ஒரோஸ்கோவோ பிற்காலத்தில் இப்படி வந்து போய் 46 வயதுவரை ஆடி, 1252 ஆட்டங்கள் என்ற சாதனையோடு ஓய்ந்தார்.

நம் ஊரிலிருந்தும் ஓர் இடக்கை அந்தப் பக்கம் போனது. உத்தரப் பிரதேசத்தின் பதோஹி மாவட்டத்து ரிங்கு சிங் ஈட்டி எறிபவர். 2008இல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற தொலைக்காட்சிப் போட்டியில் ஜெயித்து, பிட்ஸ்பர்க் பைரேட்ஸுடன் ஒப்பந்தமானார். பேஸ்பால் பந்தையே அதற்கு முன் தொட்டதில்லை. கீழ்நிலை லீக்குகளில் இடையில் இறங்கி வீசும் பிட்ச்சராகச் சில வருஷம் தாக்குப் பிடித்தார். காயங்கள் மேலே ஏறவிடவில்லை. அவர் கதை 2014இல் ரஹ்மான் இசையில் படமானது. பிறகு டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். தசரா குஸ்தி பார்த்து வளர்ந்த மைசூர்க்காரர்களுக்கு இந்தத் திருப்பம் பிடிக்கும்.

அவர் மேலே ஏறியிருந்தாலும் அந்த உத்தியோகம் நிலைத்திருக்காது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆட்டம் நிற்க, புதியவர் நடந்து வந்து கை சூடேற்ற, பார்ப்பவர்கள் கொட்டாவி விட்டார்கள். 2020இல் புது விதி வந்தது: இறங்குகிற பிட்ச்சர் மூன்று மட்டையாளர்களையாவது சந்திக்க வேண்டும், இல்லையேல் அந்த அரை இன்னிங்ஸ் முடியும்வரை வீச வேண்டும்; காயம்பட்டால் விலக்கு. இப்போது இடக்கை மட்டையாளருக்கு அடுத்து இரண்டு வலக்கைக்காரர்களை நிறுத்திவைத்தால், லூகி அவர்களுக்கும் வீசித்தான் தீர வேண்டும்.