சவுக்காரத்தைத் தின்னும் தண்ணீர்

"ஏட்டி, பருப்ப எந்தத் தண்ணியில போட்ட? வெறச்சுக்கிட்டு கெடக்கு பாரு" என்று ஆச்சி கேட்டபோது எனக்குப் பத்து வயது. திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர் புழங்கியது. குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் 'நல்ல தண்ணி'. கொல்லையில் அடிபம்பு இறைப்பது 'உப்புத் தண்ணி'. குடிக்க, சமைக்க, தலைக்கு ஊற்ற நல்ல தண்ணி. பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்க உப்புத் தண்ணி. நான் குடம் மாற்றி மொண்டிருந்தேன். ஆச்சி ஒரு பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அவள் கண்டதற்கு வேதியியலில் 'கடினத்தன்மை' என்று பெயர். பொதிகையின் பாறைகளில் வேகமாக இறங்கிவரும் ஆற்றுநீர் அதிகம் எதையும் கரைத்துக்கொள்வதில்லை. நிலத்தடியில் நெடுங்காலம் தங்கும் நீர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. அவை பருப்பின் செல்சுவரில் உள்ள பெக்டினை இறுக்குகின்றன, பருப்பு வேகாது. சோப்போடு சேர்ந்தால் நுரைக்குப் பதிலாகத் திரித்திரியாக அழுக்கு மிதக்கிறது. கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது.

இதை அளக்கும் முறையை 1840களில் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க் வகுத்தார். தண்ணீரில் சோப்புக் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் குலுக்க வேண்டும். எவ்வளவு ஊற்றிய பிறகு நுரை ஐந்து நிமிடம் கலையாமல் நிற்கிறதோ, அதுவே கடினத்தன்மையின் அளவு. அதற்கு 'கிளார்க் பாகை' என்று அவர் பெயரையே வைத்தார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து ஈடிடிஏ சோதனை வரும்வரை ஆய்வகங்கள் பெரிதும் நுரையைத்தான் நம்பியிருந்தன.

கிளார்க்கைப் பற்றி முதலில் படித்தபோது ஆச்சியை நினைத்துப் பெருமைப்பட்டேன். நினைத்திருக்க வேண்டிய இன்னொருத்தி உண்டு. எங்கள் வீட்டு அழுக்குத்துணியை, தீட்டுத்துணி உட்பட, எடுத்துப் போக வருவார். ஒருமுறை அம்மா, "இங்கயே பம்படியில அலசிக் குடேன்" என்றதற்கு அவர் சொன்னார்: "வேண்டாந்தாயி, இந்தத் தண்ணி சவுக்காரத்தத் தின்னுரும்." கிளார்க்கின் சோதனை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. வீட்டில் அவரை வண்ணாத்தி என்றுதான் அழைத்தோம். பெயர் என்னவென்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

இந்த மறதி எங்கள் வீட்டோடு முடியவில்லை. ஔவையார் பாடிய புறநானூற்று 311ஆம் பாடலை வருடக்கணக்கில் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். களர்நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் ஒரு புலைத்தி வெளுத்த தூய வெள்ளாடை அதில் வருகிறது. நான் அந்த ஆடையை உடுத்திய வீரனைப் பற்றி மட்டுமே பேசுவேன். அவள் ஏன் களரில் தோண்டினாள் என்று எந்த மாணவியும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றவில்லை.

களர் என்பது சோடியம் மிகுந்த கார மண். அதில் ஊறும் நீரில் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கரைந்திருக்கும். சலவைச் சோடா என்று நாம் கடையில் வாங்குவதும் சோடியம் கார்பனேட்தான். அது கால்சியத்தை வெண்பொடியாகப் பிரித்து அடியில் தள்ளிவிடும். நீர் மென்மையாகும், எண்ணெய்ப் பிசுக்கு கழலும். வண்ணார் துணியை உவர்மண்ணில் முக்கி வெள்ளாவி வைத்ததும் இதே அறிவின் தொடர்ச்சிதான். குடிக்க ஆகாத நிலத்தில் அவள் தோண்டியது வேறு இடம் கிடைக்காததால் மட்டும் இருக்காது, அது தேர்வாகவும் இருந்திருக்கும் என்றே இப்போது வாசிக்கிறேன். பாடியவரும் பெண்தான். பாடியவர் பெயர் நிலைத்தது. வெளுத்தவளுக்குச் சாதிப் பெயர் மட்டுமே மிஞ்சியது.

எங்கள் ஊரிலும் அப்படித்தான். தாமிரபரணியின் மேல் 1843இல் திறந்த பாலத்துக்குப் பணம் கொடுத்த சுலோசன முதலியாரின் பெயர் இன்றும் அந்தப் பாலத்தில் இருக்கிறது. பாலத்தை ஒட்டிய பகுதி வண்ணார்பேட்டை. அங்கே ஒரு சாதியே தெருவின் பெயராகிவிட்டது. ஆற்றில் நின்று வெளுத்த ஒரு பெண்ணின் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை.

இன்று அளவைச் சொல்வது அரசின் தரநிர்ணயம். ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லையென்றால் 600வரை அனுமதி. 200க்கும் 600க்கும் இடைப்பட்ட அந்த இடத்தில் நிற்பது யார்? கூடுதல் சோப்பு, கூடுதல் எரிவாயு, உப்பு படிந்த பாத்திரத்தைத் தேய்க்கும் கூடுதல் நேரம், நல்ல தண்ணிக்காக இன்னொரு தெருவரை நடக்கும் நடை. அட்டவணையில் இவற்றுக்குப் பத்தி கிடையாது. பெரும்பாலும் பெண்களின் உடம்பில்தான் அந்தக் கணக்கு ஏறுகிறது.

அதற்காகக் கையறிவை மட்டும் கொண்டாடி முடித்துவிடவும் முடியாது. நுரை கடினத்தன்மையைச் சொல்லும், கிருமியைச் சொல்லாது. நகரின் கழிவுநீர் தாமிரபரணியில் கலப்பது நீதிமன்றம்வரை போன விஷயம். சாக்கடை கலந்த மென்னீரிலும் சோப்பு பொங்கும், பருப்பு குழையும். 'நல்ல தண்ணி' என்ற பழைய பெயரை நம்பி நாம் ஏமாறலாம். குழாய் நீரின் சோதனை முடிவு ஒவ்வொரு தெருவிலும் தமிழில், எல்லோரும் படிக்கும்படி எழுதி வைக்கப்பட வேண்டும் என்று கேட்பது ஆச்சியின் விரலுக்கு எதிரானதல்ல. அந்த விரல் எட்டாத இடத்துக்கு அதுதான் போகும்.

இப்போதெல்லாம் 311ஆம் பாடலைக் கிணற்றிலிருந்து தொடங்குகிறேன். "ஏன் களரில் தோண்டினாள்?" என்று கரும்பலகையில் எழுதிவிட்டுக் காத்திருக்கிறேன். வீரனிடம் வந்து சேரப் பாதி வகுப்பு ஆகிவிடுகிறது. போன விடுமுறையில் அம்மாவிடம், துணி எடுக்க வந்தவரின் பெயரைக் கேட்டேன். அம்மா வெகுநேரம் யோசித்தாள். பிறகு, "நல்லா வெளுப்பா" என்றாள்.