பறங்கி என்றொரு பெயர்

கொழும்பில் ஐரோப்பிய வழிவந்த பேர்கர் குடும்பத்தாரைத் தமிழர் பறங்கியர் என்பார்கள். அதே ஆட்களைச் சிங்களவர் லன்சி என்பார்கள். லன்சி ஒல்லாந்தரைக் குறிக்கும், பறங்கி போர்த்துக்கேயரை. வெட்டி மாய்ந்த இரு பகைவரின் பெயர்கள் ஒரே வீட்டு வாசலில்!

பறங்கி வெகுதூரம் நடந்து வந்த சொல். ஐரோப்பாவின் பிராங்குகளை அரபிகள் 'இஃப்ரஞ்ச்' என்றார்கள். சிலுவைப் போர்க் காலத்தில் மேற்கிலிருந்து வந்த அத்தனை பேருக்கும் அதுவே பெயர். பாரசீகத்தில் அது 'ஃபரங்கி'. தமிழில் பகரம் ஏறிப் பறங்கி. 1505இல் இலங்கைக் கரையைத் தொட்ட போர்த்துக்கேயர் மீது அது ஒட்டிக்கொண்டது. பிறகு காய்க்கும் ஒட்டியது, புண்ணுக்கும் ஒட்டியது: பறங்கிக்காய், பறங்கிப்புண்.

ஒல்லாந்தரின் பெயரோ பகைவன் வாய்வழி வந்தது. போர்த்துக்கேயர் 'ஹ'வை விழுங்கி 'ஒலாந்தா' என்பார்கள். நாம் அதைக் கேட்டு ஒல்லாந்து என்றோம்.

அந்தப் பகைக்குள் இலங்கையும் வந்தது. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். பறங்கியை விரட்டினால் கறுவா வாணிபம் உங்களுக்கு என்பது பேச்சு. 1655 ஒக்டோபரில் கொழும்பு முற்றுகை தொடங்கியது. இரு பக்கத்திலும் உள்ளூர்ப் படையாட்களான லஸ்கரின்கள் நின்றார்கள். ஏழு மாதம் கோட்டைக்குள்ளே பசி, நோய். ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்ட் ஏப்ரலில் செத்தான். அவன் பெயரில் கொழும்பில் ஹுல்ஃப்ட்ஸ்டோர்ப் என்ற பகுதி உண்டு. தமிழரோ அந்த இடத்தைப் புதுக்கடை என்று சொல்லி அவனை மறந்துவிட்டார்கள். 1656 மே 12இல் கோட்டை வீழ்ந்தது. ஒல்லாந்தர் அதை மன்னனுக்குக் கொடுக்கவில்லை, அவனை உள்ளே விடவுமில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கின கதை என்று சிங்களத்தில் சொல்வது இதைத்தான்.

வாளால் வென்றவர்கள் வீட்டுக்குள் தோற்றார்கள் என்பேன். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஆட்கள் பலர் போர்த்துக்கேய வழிப் பெண்களை மணந்தார்கள். அடுப்படியிலும் தொட்டிலடியிலும் பேசப்பட்டது போர்த்துக்கேயக் கிரியோல். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்து வுல்வெண்டால் தேவாலயத்தில் 1757 முதல் ஒல்லாந்த மொழியில் பிரசங்கம் நடந்திருக்கலாம். வாசலுக்கு வெளியே ஊர்ப்பேச்சு வேறு. காதில் விழுந்ததை வைத்தே தமிழன் பெயர் சூட்டியிருக்க வேண்டும்.

1908இல் தோன்றிய டச்சு பேர்கர் யூனியன் ஒல்லாந்த வம்சாவளியைப் பார்த்தே உறுப்பினரைச் சேர்த்தது. பறங்கி என்ற பெயரில் அங்கே ஒருவருக்கும் விருப்பமிருந்திராது. மட்டக்களப்பில் கதை வேறு. அங்கே தமிழும் கிரியோலும் பேசும் குடும்பங்களைத் தமிழர் இன்றைக்கும் பறங்கியர் என்றுதான் அழைக்கிறார்கள்.