பழவேற்காட்டில் ஒரு கம்பெனி குடியிருப்பு

ஸ்டார் ஹோட்டல் நடத்துற அடுக்குமாடியில வருஷம் பூரா குடியிருக்கலாமான்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். நமக்குப் பழவேற்காடுதான் ஞாபகம் வந்துச்சு (எதைக் கேட்டாலும் அங்கதான் போவேன்!).

1613-ல டச்சுக்காரங்க அங்க கெல்ட்ரியா கோட்டை கட்டினாங்க. அகழி, காவல், கிடங்கு எல்லாம் கம்பெனி பொறுப்பு. ஆனா 1690-ல தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறிடுச்சு. இன்னிக்குக் கோட்டை முள்புதர். எலும்புக்கூடு செதுக்கின வாசலோட கல்லறைத் தோட்டம்தான் மிச்சம்.

கோட்டை பேரைச் சுமக்குற கோட்டைக்குப்பம் மட்டும் இன்னும் ஊரா இருக்கு. ஏரியில யார், என்னிக்கு, எங்க வலை கட்டணும்னு 'பாடு' முறையில சீட்டுப் போட்டுப் பிரிச்சுக்கறாங்க. உரிமை ஊர்க்காரனுக்குத்தான், வாடகைக்கு வந்தவனுக்கு இல்லை. வந்து போறவங்களுக்கு ஹோட்டல் வீடு சரி. குப்பத்து ஆளைப் பத்தாவது மாடியில ஏத்தினா, வலையை எங்க காயப்போடுவார்?