நிந்தவூர்க் கரையில் கார் இயந்திரத்தைச் சூரிய வெப்பத்தால் முன்சூடாக்கல்: அளவு, நேரம், தேவை பற்றிய ஒரு மதிப்பீடு

உருளைக்குள்ளேயே எரிபொருளை எரித்து, அவ்வெரிவின் அழுத்தத்தால் இயங்கும் உள்ளெரி இயந்திரம் ஏறத்தாழ 90 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் சீராகத் தொழிற்படும்படி வடிவமைக்கப்படுகிறது. ஓரிரவு ஓய்ந்திருந்து மீளத் தொடங்கும்போது மசகெண்ணெயின் தடிப்பு உராய்வைக் கூட்டுவதாலும், குளிர்ந்த சுவரில் சரிவர ஆவியாகாத பெற்றோலை ஈடுசெய்ய மேலதிக எரிபொருள் ஊட்டப்படுவதாலும், முதற் சில கிலோமீற்றர்களில் அது வழமையைவிட அதிகம் செலவிடுகிறது. கனடாவிலும் வட ஐரோப்பிய நாடுகளிலும் இவ்விழப்பை மின்சூட்டிகள் தணிக்கின்றன. எரிபொருளை இறக்குமதி செய்யும் இலங்கையில், குறிப்பாகக் கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் என 2022 ஜூலையில் பங்கீடு தொடங்கிய அனுபவத்தின் பின்னர், அப்பணியை வெயிலிடம் ஒப்படைக்கலாமா என்னும் வினா இயல்பாக எழுகிறது. அம்பாறைக் கரையின் நிந்தவூரை எடுத்துக்காட்டாகக் கொள்ளும் இக்கட்டுரை, அங்கே வெப்பத்தின் அளவு போதுமானது என்றும், கார் இயந்திரத்துக்கு அதன் தேவையே குறைவு என்றும் வாதிடுகிறது.

அளவை முதலில் நோக்கலாம். ஒரு பொருளின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தத் தேவையான சக்தி அதன் வெப்பக்கொள்ளளவு எனப்படும். நூறு கிலோகிராம் நிறையுள்ள சிறிய கார் இயந்திரம், அதன் ஐந்து லீற்றர் குளிர்விப்புத் திரவம், நான்கு லீற்றர் மசகெண்ணெய் ஆகியவற்றின் கூட்டு வெப்பக்கொள்ளளவு பாகைக்கு ஏறத்தாழ 75 கிலோயூல் எனக் கொண்டால், 27 பாகையிலிருந்து 80 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 4 மெகாயூல், அதாவது 1.1 கிலோவாற்று மணித்தியாலம் தேவைப்படும். நாளொன்றில் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 5 கிலோவாற்று மணித்தியாலச் சூரிய சக்தி விழும் இக்கரையில், அதில் பாதியை ஏற்கும் ஒரு சதுர மீற்றர்த் தகடே இத்தேவையைப் போல் இரு மடங்கைத் தந்துவிடும்.

ஆனால் அவ்வெப்பம் கிடைக்கும் வேளையும் வேண்டப்படும் வேளையும் பொருந்துவதில்லை. பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் புறப்படும் கார்கள் வெயில் ஏறுவதற்கு முன்னரே தொடக்கப்படுவதால், முதல்நாள் பிற்பகல் வெப்பத்தைப் பதினைந்து மணித்தியாலமளவு காக்கும் காப்பிட்ட தாங்கியும், அதை இயந்திரத்துடன் இணைக்கும் குழாயும் பம்பியும் வேண்டியிருக்கும். காலைகள் சற்றுக் குளிர்ந்திருக்கும் மார்கழி, தை மாதங்களே வடகீழ்ப் பருவமழை வெயிலை மறைக்கும் மாதங்களாகவும் இருப்பதால், தேவை சற்றுக் கூடும்போது வரவு குறைகிறது. மாறாக, வெயில் நிறைந்த பிற்பகலில் திறந்த வெளியில் நின்ற காரின் இயந்திரம் எந்தக் கருவியுமின்றியே வெதுவெதுப்பாக இருக்கும்.

மூன்றாவது, பயனின் அளவு. ஒரு லீற்றர் பெற்றோலின் சக்தி ஏறத்தாழ 32 மெகாயூல் ஆகையால் மேற்கூறிய 4 மெகாயூல் எட்டில் ஒரு லீற்றருக்குச் சமம். எனினும் அதை முழுவதும் சேமிப்பாகக் கணக்கிடுவது தவறு. இயந்திரம் தன்னைச் சூடாக்கிக்கொள்வது பெரும்பாலும் எப்படியும் வீணாகும் வெப்பத்தாலாகையால், உண்மையான சேமிப்பு உராய்விலும் மேலதிக ஊட்டலிலும் இழக்கப்படும் சிறு பகுதியே ஆகும். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார், எரிபொருட் சக்தியில் மூன்றிலொரு பங்கை இயந்திர உடலுக்கும் குளிர்விப்புத் திரவத்துக்கும் விடுமெனக் கொண்டால், நான்கைந்து கிலோமீற்றரில் தேவையான சூட்டை அடைந்துவிடும்; நிந்தவூரிலிருந்து கல்முனைக்குச் செல்லும் கார் காரைதீவைத் தாண்டிச் சாய்ந்தமருதை நெருங்கும்போதே அந்நிலை வந்துவிடும். அமெரிக்க அரசின் எரிபொருட் சிக்கனத் தகவல்கள், நகர ஓட்டத்தில் பெற்றோல் காரின் சிக்கனம் 25 பாகையைவிட மறை 7 பாகையில் ஏறத்தாழ 15 சதவீதம் குறைவதாகக் கூறுகின்றன. அந்த ஒப்பீட்டில் இழப்பற்ற அடிநிலையாக வைக்கப்படும் 25 பாகை நிந்தவூரின் சாதாரண விடியற்காலை வெப்பநிலையை ஒத்தது.

வெப்பமண்டலக் காருக்கு வெயில் இழப்பையும் தருகிறது. சூடேறிய தாங்கியிலிருந்து பெற்றோல் ஆவியாகிறது. ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை உயரும்போது பாதியாகக் குறைகிறது. அறை சூடேறினால் குளிரூட்டி மேலதிக எரிபொருளைக் கேட்கிறது. இலங்கை வீதிகளில் பரவலாகக் காணப்படும் டொயோட்டா பிரியஸின் வரலாறு இங்குக் கருதத்தக்கது. வட அமெரிக்கச் சந்தைக்கான இரண்டாம் தலைமுறை வண்டி, ஓட்டத்தின்போது சூடான ஏறத்தாழ 3 லீற்றர் குளிர்விப்புத் திரவத்தை வெற்றிடக் குடுவையில் மூன்று நாள்வரை காத்து, அடுத்த தொடக்கத்துக்குப் பயன்படுத்தியது. 2009 இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை, அக்குடுவையை விடுத்துப் புகைபோக்கி வெப்பத்தால் இயந்திரத்தை விரைந்து சூடாக்கியது. அதே வண்டியின் விருப்பத் தெரிவான சூரியக் கூரையோ, நிறுத்திவைத்த காரின் அறைச் சூட்டை வெளியேற்றும் விசிறியை இயக்கவே அமைக்கப்பட்டது. இயந்திரச் சூட்டுக்கு இயந்திரத்தின் கழிவு வெப்பமும் அறைக் குளிர்ச்சிக்குச் சூரியனும் என்னும் இப்பகிர்வு, குளிர்நாட்டைவிட இக்கரைக்கே கூடுதலாகப் பொருந்துகிறது.

இம்முடிவுக்கு ஒரு விலக்கு உண்டு. மண்ணெண்ணெய் பெற்றோலைவிட ஆவியாவது கடினமாகையால், அதில் ஓடும் சிறிய நீர் இறைக்கும் இயந்திரங்கள் பெற்றோலில் தொடக்கப்பட்டு, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுகின்றன. 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக மண்ணெண்ணெய் விலை உயர்ந்தபின், இவ்வியந்திரங்களில் வீணாகும் ஒவ்வொரு துளியும் விவசாயியின் செலவாயிற்று. இவை பகலில், ஓரிடத்தில், வெயிலின் கீழ் இயங்குவதால், காருக்கு இல்லாத நேரப் பொருத்தம் இவற்றுக்கு உண்டு. கறுப்பு வர்ணம் பூசி மேலே கண்ணாடி பொருத்திய எளிய மூடியால் இயந்திர உடலைச் சூடாக்கிப் பெற்றோல் ஓட்டத்தின் நேரத்தைக் குறைக்க முயலலாம். ஆயினும் எரிபொருள் தாங்கி மூடிக்கு வெளியே இருக்கவேண்டும், காற்றால் குளிரும் இயந்திரமாயின் தொடக்குமுன் மூடி அகற்றப்படவேண்டும்.

ஆகவே சூரிய முன்சூடாக்கலின் தகுதியை வெயிலின் மிகுதியைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. வெப்பநிலை இடைவெளி எவ்வளவு, அது எந்நேரத்தில் நிரப்பப்படவேண்டும், அதை நிரப்பக் கழிவு வெப்பம் ஏற்கெனவே உள்ளதா என்னும் மூன்று வினாக்களும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. இவ்வளவைப்படி நிந்தவூரில் காரை நிழலில் நிறுத்துவதும், அண்மித்த பல வேலைகளை ஒரே ஓட்டத்தில் முடித்துக் குளிர்த்தொடக்கங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும், சூரியத் தகடு எதனையும்விட மலிவான எரிபொருட் சிக்கனமாக அமையும். சூரிய முன்சூடாக்கலைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர் கார்த் தரிப்பிடத்தை விடுத்து வயலோர நீர் இறைக்கும் இயந்திரத்திலிருந்து தொடங்குவதே பொருத்தமானது.