எண்சுவடியிலிருந்து நயாபைசா வரை: திண்ணைக் கணக்கின் தேய்வு

சென்னை மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, அவற்றில் எந்தச் சாதியார் படிக்கிறார்கள் என்று விவரம் திரட்ட 1822 ஜூன் 25 அன்று ஆளுநர் தாமஸ் மன்றோ முடிவெடுத்தார். கலெக்டர்கள் அனுப்பிய கணக்கு 1826இல் தொகுக்கப்பட்டது. பள்ளிகளும் உயர்கல்விக் கூடங்களுமாக 12,498, மாணவர்கள் 1,88,650. மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு கோடியே 28 லட்சம். தரம்பால் 1983இல் இந்த அறிக்கைகளை நூலாக்கிய பிறகு, வெள்ளையர் வருமுன் நாடெங்கும் கல்வி செழித்திருந்தது என்ற பேச்சு வலுத்தது. அந்த மாணவர்களில் பெண்கள் வெறும் 4,540 பேர் என்பதைப் பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

எத்தனை பேர் படித்தார்கள் என்பதைவிட, என்ன படித்தார்கள் என்பதே இங்கு நம் கேள்வி.

திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதினான். பிறகு ஓலைக்கு வந்தான். ஆத்திசூடி, கொன்றைவேந்தனோடு கணக்கு வாய்ப்பாட்டு ஏடான எண்சுவடியும் மனப்பாடம். எண்சுவடியில் முழு எண்களோடு பின்னங்களான கீழ்வாயிலக்கமும் உண்டு: அரை, கால், அரைக்கால், பதினாறில் ஒன்றான மாகாணி, இன்னொரு வரிசையில் இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி. இவை ஏட்டோடு நின்றுபோன எண்கள் அல்ல. ஒரு வேலி நிலத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் மா என்றே பெயர். நெல்லளவை வாய்ப்பாடான நெல்லிலக்கத்தில் எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். களத்து மேட்டில் விளைச்சல் பங்கான வாரத்தைப் பிரிக்கும்போது பிள்ளை கேட்ட சொற்களே காலையில் திண்ணையில் ஒப்பித்த சொற்கள். இந்த மனப்பாடத்தை வெறும் கிளிப்பிள்ளைப் படிப்பாகத் தள்ளக்கூடாது, நினைவே அங்கு கணக்கிடும் கருவி என்பது பழந்தமிழ்க் கணித வரலாற்றில் நெடுநாள் உழைத்த து. செந்தில்பாபுவின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. வாய்ப்பாடு நாவில் இருந்தவனுக்கு ஓலையும் எழுத்தாணியும் இல்லாமலே பங்கு பிரிக்க முடிந்தது.

ஆனால் அந்தக் கலத்தை விளைவித்த பண்ணையாளின் பிள்ளைக்குத் திண்ணையில் இடமில்லை. கூலியாக எத்தனை படி விழுந்தது என்று சரிபார்க்கும் அறிவு, கூலி அளந்தவர் பக்கமே தங்கியது. பழைய கணிதத்தைப் புகழும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இடையில் ஒரு வேடிக்கை. எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் முறையை உள்ளூர்ப் பள்ளியில் பார்த்து எடுத்துக்கொண்டார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிப்பதைத் தம் திட்டத்தின் மையமாக்கி 1797இல் லண்டனில் நூலும் வெளியிட்டார். சட்டாம்பிள்ளை முறையை அறிந்த நம் ஊருக்கு அது புதிதல்ல. இங்கிலாந்திலோ 'மெட்ராஸ் முறை' என்று பரவியது. ஆனால் பெல் கொண்டுபோனது கற்பிக்கும் முறையை மட்டுமே. எண்சுவடி இங்கேயே கிடந்தது.

1854ஆம் ஆண்டு சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கைக்குப் பின் அரசு மானியம் வந்தது. மானியம் வேண்டுமானால் அச்சிட்ட பாடநூல், வகுப்புப் பிரிவு, ஆய்வாளர் வருகை எல்லாவற்றுக்கும் வாத்தியார் உடன்பட வேண்டும். பாடமொழி தொடக்கநிலையில் தமிழாகவே நீடித்தது. மாறியது கணக்கு. ஊர் அளவுகளின் இடத்தில் சர்க்கார் அளவுகள், தமிழ் எண்குறிகளின் இடத்தில் 1, 2, 3. மொழி இருந்தும், அந்த மொழியில் ஊர் கணக்குப் பார்த்த பழக்கம் பள்ளிக்கு வெளியே போயிற்று. பயிற்றுமொழி பற்றிய நம் விவாதங்கள் இந்த இழப்பை எண்ணிப் பார்த்ததே இல்லை என்பது என் கருத்து.

அணா இருந்தவரை மாகாணிக்கு ஒரு பிடி இருந்தது. அணாவும் ரூபாயில் பதினாறில் ஒன்றல்லவா! 1957 ஏப்ரல் 1இல் நூறு நயாபைசா ஒரு ரூபாய் ஆனது. மெட்ரிக் அளவுகளும் அடுத்தடுத்து நடைமுறைக்கு வந்தன. கடைசியாக 1980இல் தமிழக அரசு, ஊர்க்கணக்கு எழுதிவந்த பரம்பரைக் கர்ணம் பதவியையும் ஒழித்தது.